முன்னேற்ற நூல்களும் மூன்றாம் தடவையும்

எண்பதுகளின் நடுப்பகுதியில் எங்கள் சாச்சா தமிழகம் போய் வந்தபோது இரண்டு சாரன்களோடும் ஒரு போத்தல் அத்தரோடும் ஐந்து புத்தகங்கள் கொண்டு வந்தார். அவற்றில் மூன்று எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் எழுதியவை. 'வாழ்வது ஒருமுறை', 'எண்ணமே வாழ்வு', 'முன்னேறுவது எப்படி?' என்ற அந்த மூன்றும் காத்தான்குடியில் எங்கள் வளவில் இருந்த ஏழெட்டு வீடுகளைச் சுற்றி வந்தன. யாரோ ஒருவர் பென்சிலால் கோடிட்ட வரிகளுக்குக் கீழே இன்னொருவர் பேனையால் கோடிட்டிருப்பார். அட்டை கழன்று போனபின் சிமெந்துப் பையின் உட்தாளால் உறை போட்டு வைத்திருந்தோம். சென்ற வருடம் வரை அவற்றில் ஒன்று என்னிடம் இருந்தது.

இந்த நூல்களைப் பற்றி நமது விமர்சகர்கள் எழுதியது மிகக் குறைவு. கவிதை, சிறுகதை, நாவல் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நாம், நமது வீடுகளில் உண்மையில் அதிகம் புரட்டப்பட்ட நூல்களை இலக்கியக் கணக்கில் சேர்க்கவில்லை. "அது புத்திமதி, அதை விமர்சிக்க என்ன இருக்கிறது?" என்று ஒரு நண்பர் கேட்டார். ஒரு பிரதி ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு 'நீ தோற்றது ஏன்' என்று விளக்கம் சொல்கிறது என்றால், அந்த விளக்கம் சரியா என்று கேட்பதும் விமர்சனத்தின் வேலைதான் என்பது எனது அபிப்பிராயம். இக்கட்டுரை அதற்கான ஒரு சிறு முயற்சி.

முதலில் அப்துற் றஹீமுக்கு உரியதை அவருக்குக் கொடுத்துவிட வேண்டும். இராமநாதபுரம் மாவட்டத்துத் தொண்டியில் 1922இல் பிறந்து 1993இல் மறைந்தவர் அவர். சென்னையில் பதிப்பாளராகவும் எழுத்தாளராகவும் வாழ்ந்தார். தமிழில் தன்முன்னேற்ற நூல் என்ற வகை வேரூன்றியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1859இல் சாமுவேல் ஸ்மைல்ஸ் ஆங்கிலத்தில் தொடக்கி வைத்து, 1894இல் ஒரிசன் ஸ்வெட் மார்டனும் 1936இல் டேல் கார்னெகியும் அமெரிக்காவில் வளர்த்தெடுத்த ஒரு மரபை, மொழிபெயர்ப்பு வாடை அதிகம் வீசாத ஒரு தமிழில் அவர் தந்தார். வாசகனைப் பக்கத்தில் இருத்தி வைத்துப் பேசுவது போன்ற நடை அது. மதம் கடந்த வாசகர் கூட்டம் அவருக்கு இருந்தது. அதே கையால்தான் 'இஸ்லாமியக் கலைக்களஞ்சியம்' என்ற பல தொகுதிப் பெரும்பணியையும் 'வலிமார்கள் வரலாறு' போன்ற நூல்களையும் அவர் செய்தார். ஒரு நிறுவனம் பலரை அமர்த்திச் செய்ய வேண்டிய கலைக்களஞ்சிய வேலையைத் தலையில் போட்டுக்கொண்ட மனிதர் 'விடாமுயற்சி' என்று எழுதும்போது, அந்தச் சொல்லுக்கு அவருடைய சொந்த உழைப்பே சாட்சியாக நிற்கிறது. ஊருக்கு மட்டும் உபதேசம் செய்தவர் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது.

இனி அவருடைய முறையை நோக்குவோம். ஒரு கருத்தைச் சொல்வார். அடுத்த பந்தியில் ஒரு மேதையின் அல்லது வீரனின் வாழ்க்கையிலிருந்து ஒரு சம்பவம் வரும். பின்னர் வாசகனை நோக்கி 'நீயும்' என்று திரும்புவார். இந்த அமைப்பு அவருக்கு மட்டும் உரியதன்று, இவ்வகை நூல்கள் அனைத்தினதும் எலும்புக்கூடு இதுதான். இதன் பலம் வேகம். பலவீனமும் அந்த வேகத்திலேயே இருக்கிறது. தோல்வி ஒரு பந்தியில் வருகிறது; அடுத்த பந்தியில் வெற்றி வந்துவிடுகிறது. இரண்டுக்கும் இடையில் கிடந்த வருடங்கள் பந்திகளுக்கு நடுவிலுள்ள வெள்ளைத்தாளில் மறைந்துபோகின்றன. மேலும், சம்பவங்கள் யாவும் ஈற்றில் வென்றவர்களின் வாழ்க்கையிலிருந்தே பொறுக்கப்படுகின்றன. அதே அளவு முயன்று கரை சேராதவனை இந்நூல்களின் எந்தப் பக்கத்திலும் காண முடியாது. ஆகவே 'முயன்றவன் வெல்வான்' என்ற முடிவு, உதாரணங்களைத் தெரிவு செய்த விதத்திலேயே முன்கூட்டி எழுதப்பட்டுவிடுகிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். முன்னேற்ற நூலாசிரியர்களும் மேடைப் பேச்சாளர்களும் விரும்பிச் சொல்லும் சம்பவம், 1914 டிசம்பரில் தோமஸ் எடிசனின் தொழிற்சாலைத் தொகுதி தீப்பற்றி எரிந்தது. அறுபத்தேழு வயதில் அவர் மனந்தளராமல் நின்று, மறுநாளே திரும்பக் கட்டத் தொடங்கினார் என்பார்கள். அது உண்மையே. ஆனால் அப்போது எடிசன் உலகப் புகழ் பெற்ற தொழிலதிபர் என்பதும், நண்பர் ஹென்றி ஃபோர்ட் பெருந்தொகைக் கடன் கொடுத்துக் கைதூக்கினார் என்பதும் அநேகமாகச் சொல்லப்படுவதில்லை. தீயும் மனவுறுதியும் கதைக்குள் வர, கடன் கதைக்கு வெளியே நின்றுவிடுகிறது.

வாவிக்கரையில் வாழும் ஒரு வாசகன் இந்த நூல்களை எவ்வாறு வாசித்தான் என்பதற்கு நானே ஒரு சாட்சி. 1990இல் நான் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்தேன். பல்கலைக்கழகம் போய்த் தமிழ் படித்து விரிவுரையாளராக வேண்டும் என்பது இலக்கு. 'வாழ்வது ஒருமுறை'யின் பின்னட்டை உட்பக்கத்தில் அதைத் திகதியிட்டு எழுதியும் வைத்திருந்தேன். ஜூன் மாதம் யுத்தம் திரும்பவும் வெடித்தது. ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு எங்களூரின் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஷஹீதானார்கள். ஒரு வாரம் கழித்து ஏறாவூரிலும் படுகொலை நடந்தது. பக்கத்துத் தமிழ்க் கிராமங்களும் அந்த மாதங்களில் தம் மையித்துகளை எண்ணிக்கொண்டுதான் இருந்தன. வாப்பாவின் ஏழு ஏக்கர் வயல் வாவிக்கு அப்பால் படுவான்கரையில் இருந்தது. அதன்பின் வருடக்கணக்காக எங்களால் அங்கு போக முடியவில்லை. எழுவான்கரையில் நின்று பார்த்தால் அந்தப் பக்கத்துத் தென்னைகள் தெரியும்; அவ்வளவுதான்.

அந்த வருடப் பரீட்சை எனக்கு இல்லாமல் போனது. அடுத்த வருடம் குப்பி விளக்கில் படித்து எழுதினேன், போதவில்லை. அதற்கடுத்த தடவை வெட்டுப்புள்ளிக்குச் சில புள்ளிகள் குறைவு. மூன்று தடவைக்கு மேல் இல்லை என்பது சட்டம். அந்த இரவுகளில் மீண்டும் அப்துற் றஹீமை எடுத்து வாசித்தேன். முன்னர் என்னை எழுப்பிய அதே வரிகள் இப்போது என்னைக் குற்றஞ்சாட்டின. எண்ணமே வாழ்வு என்றால், என் வாழ்வு இப்படியானதற்கு என் எண்ணம்தானே காரணம்? பள்ளிவாசலில் சுடப்பட்ட என் வகுப்புத் தோழனின் எண்ணத்தில் என்ன குறை இருந்தது? இந்தக் கேள்விக்கு அந்நூலில் பதில் இல்லை. பதில் இல்லாததைக் குற்றம் என்றும் நான் சொல்லமாட்டேன். அவர் எழுதியது, பாடசாலை திறந்திருக்கும், பாதை திறந்திருக்கும், பரீட்சை நடக்கும் என்று நம்பக்கூடிய ஒரு வாசகனுக்கு. அந்த நம்பிக்கை உடைந்த இடத்தில் வாசிக்கப்படும்போது அதே பிரதி வேறொரு பிரதியாகிவிடுகிறது.

ஆயினும் அந்நூல் எனக்கு ஒன்றும் தரவில்லை என்று சொன்னால் அது நன்றிகெட்ட பேச்சாகும். 1993இல் தொண்டர் ஆசிரியராகச் சேர்ந்தேன். சம்பளம் என்று சொல்ல ஒன்றுமில்லை. நியமனம் வரும், வரும் என்று எட்டு வருடம் போனது. அந்த எட்டு வருடமும் சுபஹுத் தொழுகைக்குப் பின் ஒரு மணித்தியாலம் படிப்பது, படித்ததைக் கொப்பியில் எழுதுவது என்ற பழக்கத்தை நான் விடவில்லை. அந்தப் பழக்கம் அப்துற் றஹீம் கொடுத்தது. பிற்காலத்தில் நான் வெளிவாரிப் பட்டதாரி ஆனதும், இன்று இக்கட்டுரை எழுதுவதும் அந்தக் கொப்பிகளிலிருந்து வந்தவை. விரிவுரையாளர் ஆகவில்லை. அந்த ஒரு மணித்தியாலத்துக்குப் பாய் விரித்து, தேத்தண்ணி ஊற்றித் தந்தவர் உம்மா. நான் வீட்டுக்கு உழைத்துக் கொடுக்காத அந்த வருடங்களில் தையல் மெஷினில் குனிந்திருந்தவர் ராத்தா. முன்னேற்ற நூல்களின் கதையமைப்பில் ஹென்றி ஃபோர்டின் கடனுக்கு இடமில்லாதது போலவே இந்த இரண்டு பெண்களுக்கும் இடமில்லை.

இங்கேதான் நமது வாவிப் பிரதேசத்தின் வரலாற்றையே ஒரு மறுவாசிப்பாக வைக்க விரும்புகிறேன். வாவியின் தென் அந்தத்தையடுத்த கல்முனைக்கு 1942இல் உதவி அரசாங்க அதிபராக வந்தார் ஏ.எம்.ஏ. அஸீஸ். சிவில் சேவையில் சேர்ந்த முதலாவது இலங்கை முஸ்லிம் அவர். யுத்தகால உணவு உற்பத்திக்காக அனுப்பப்பட்டவர், இப்பகுதி முஸ்லிம்களின் கல்வி நிலையை நேரில் கண்டார். திறமையும் ஆசையும் உள்ள பிள்ளைகள் காசில்லாமல் நின்றுவிடுகிறார்கள் என்பதை உணர்ந்தார். 1945இல் உருவான முஸ்லிம் கல்விச் சகாய நிதி அந்த உணர்விலிருந்து வந்தது. 'முயற்சி செய், முன்னேறுவாய்' என்று பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் எழுதியிருக்கவும் அவரால் முடியும், நல்ல எழுத்தாளர் அவர். ஆனால் முதலில் ஒரு நிதியைக் கட்டினார். 1948இல் சிவில் சேவையையே விட்டுக் கொழும்பு ஸாஹிறாவின் அதிபரானார். விடாமுயற்சி என்பது தனி மனிதனின் நெஞ்சுக்குள் மட்டும் இருக்கும் சரக்கு என்ற எண்ணத்துக்கு இதைவிடச் சிறந்த மறுப்பு வேண்டியதில்லை. பிள்ளை விடாமல் நிற்க வேண்டுமென்றால், பிள்ளையை விடாமல் பிடித்திருக்க ஓர் ஏற்பாடும் இருக்க வேண்டும். அரைநூற்றாண்டுக்குப் பின், யுத்தத்தால் வந்தாறுமூலையிலும் யாழ்ப்பாணத்திலும் கல்வியைத் தொடர முடியாது போன மாணவர்களின் பிரச்சினை, 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றுவதற்கு ஒரு காரணமானதையும் இதே வரிசையில் வைத்துப் பார்க்கலாம்.

அஸீஸ் கல்முனையில் பழகிய பெரியவர்களில் ஒருவர் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். அவருடைய 'யாழ் நூல்' பற்றி இசையறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் அதை இலக்கு என்ற கோணத்தில் மட்டும் நோக்குகிறேன். பதினான்கு வருட ஆராய்ச்சியின் பயன் அது என்பார்கள். அந்த வருடங்களில் அவருடைய பதவிகளும் இடங்களும் மாறியவண்ணம் இருந்தன. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், பின்னர் மட்டக்களப்புப் பாடசாலைப் பணி, பின்னர் இமயமலைச் சாரலில் ஆங்கிலச் சஞ்சிகையொன்றின் ஆசிரியப் பொறுப்பு, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர் பதவி. இடையில் நோயும் வந்தது. 1947 ஜூனில் நூல் அரங்கேறியது; ஜூலை 19ஆம் திகதி அவர் காலமானார். பதவியையே இலக்காக வைத்திருந்தால், ஒவ்வொரு மாற்றமும் அவருக்கு ஒரு முறிவாக இருந்திருக்கும். செய்ய வேண்டிய வேலையை இலக்காக வைத்ததனால் எந்த ஊரிலும் அதைத் தொடர முடிந்தது. முன்னேற்ற நூல்கள் 'இலக்கு' என்று சொல்லும்போது பெரும்பாலும் பதவியையும் செல்வத்தையுமே படமாகக் காட்டுகின்றன. பின்னட்டையில் 'விரிவுரையாளர்' என்று நான் எழுதியதும் அப்படித்தான். 'தமிழ் படிக்க வேண்டும்' என்று எழுதியிருந்தால், 1992இல் நான் தோற்றுவிட்டதாக நினைத்திருக்கமாட்டேன். இதை உணர எனக்கு முப்பது வயது கடக்க வேண்டியிருந்தது.

விபுலாநந்தர் துறவி, அவருக்குக் குடும்பமில்லை, நம்மவருக்கு அரிசி வாங்க வேண்டும் என்று யாரும் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதவியும் சம்பளமும் வேண்டாம் என்பது என் வாதமல்ல. அவை கையில் வராத வருடங்களில் வேலை நின்றுவிடக் கூடாது என்பதே வாதம்.

நமது ஆக்க இலக்கியம் இதில் என்ன செய்தது? 1990க்குப் பின் கிழக்கு முஸ்லிம்களின் கவிதையும் சிறுகதையும் புதுப் பலம் பெற்றன. ஓட்டமாவடி எஸ்.எல்.எம். ஹனீபாவின் 'மக்கத்துச் சால்வை' 1992இல் வந்தபோது, நம் மண்ணின் மனிதர்களையும் பேச்சையும் அச்சில் கண்டு நாங்கள் பூரித்தோம். இழப்பை, அச்சத்தை, அகதி வாழ்வை நமது கவிஞர்கள் உண்மையாகப் பதிவு செய்தார்கள். ஆனால் என் வாசிப்புக்கு எட்டிய மட்டில், மூன்றாம் தடவை பரீட்சை எழுதுபவனும், எட்டு வருடம் நியமனத்துக்குக் காத்திருந்த தொண்டர் ஆசிரியையும், திறமைச் சித்திகளோடு வீட்டில் நின்றுபோன பெண்பிள்ளையும் நமது கதைகளில் மையப் பாத்திரங்களாக வந்தது குறைவு. அழிவுக்கு ஓர் இலக்கியமும் வெற்றிக்கு ஒரு புத்திமதியும் நம்மிடம் உண்டு. இரண்டுக்கும் நடுவிலுள்ள நீண்ட காத்திருப்பு இன்னும் எழுதப்பட வேண்டியதாகவே இருக்கிறது. அதை எழுதுகிறவர் முன்னேற்ற நூல்களின் வெள்ளைத்தாளை நிரப்புகிறவராவார்.

அதற்கான மனப்பக்குவம் எங்களூரிலேயே ஒருவரிடம் இருந்தது. காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பை, ஓர் ஆசிரியர். 'இக்பால் இதயம்' என்று இக்பாலைத் தமிழுக்குக் கொண்டு வந்தவரும் அவர். உமர் கையாமின் ருபாய்யாத்தைத் தமிழாக்கியவரும் அவர். இக்பால், மனிதனின் சுயத்தை உயர்த்து என்றவர். கையாமோ எல்லாம் ஒருநாள் மண்ணாகும் என்று சிரித்தவர். இந்த இருவரையும் ஒரே மேசையில் வைத்திருக்க ஒரு பாடசாலை ஆசிரியரால் முடிந்தது. முயற்சியின் பெருமையும் முயற்சியின் எல்லையும் ஒன்றாகத் தெரிந்த மனம் அது. முன்னேற்ற நூல் மரபு முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டது. நமது மார்க்கத்திலுள்ள தவக்குல் என்ற கருத்திலும் இந்த இரண்டும் உண்டு. ஒட்டகத்தைக் கட்டுவது நம் வேலை, கட்டிய பின் நடப்பது நம் கையில் இல்லை. அப்துற் றஹீம் மார்க்கம் அறிந்தவர். ஆனாலும் அவருடைய முன்னேற்ற நூல்களின் உந்து வேகத்தில் இந்த இரண்டாம் பாதி மெலிந்துவிடுகிறது என்பதே என் விமர்சனம்.

இது பழங்கதை என்று யாரும் எண்ண வேண்டாம். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின்பின், அக்கொடுமையைச் செய்தவர்களின் தலைவன் எங்களூரவன் என்பதால், இந்த ஊர்ப் பெயரைச் சொல்லி வேலை கேட்கவே எங்கள் பிள்ளைகள் கூசினார்கள். அடுத்து கொரோனா; 2022இல் நாடே வங்குரோத்தானது. ஒவ்வொரு தடவையும் ஒரு தொகுதிப் பிள்ளைகளின் பரீட்சையும் வேலையும் தள்ளிப்போயின. இன்று புத்தகத்தின் இடத்தைக் கைத்தொலைபேசிப் பேச்சாளர்கள் பிடித்திருக்கிறார்கள். அப்துற் றஹீமிடம் இருந்த வாசிப்பும் மொழியும் அவர்களில் பலரிடம் இல்லை, குற்றச்சாட்டு மட்டும் கூடியிருக்கிறது.

சென்ற வருடம் ராத்தாவின் மகன் மூன்றாம் தடவைக்குப் படித்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்து அலுமாரியைப் பார்த்துவிட்டு அந்தச் சிமெந்துத்தாள் உறைப் புத்தகத்தை எடுத்தான். இரண்டு நாளில் திருப்பிக் கொண்டு வந்தான்.

"நல்லாத்தான் இரிக்கி மாமா. ஆனா இதுல வாற ஆக்கள் எல்லாரும் கடைசில வெண்டுர்றாங்களே. வெல்லாதவன் அடுத்த நாள் காலைல என்ன செஞ்சான் எண்டு ஒண்டுமில்லியே?"

இந்தக் கட்டுரையில் நான் இவ்வளவு பக்கம் எடுத்துச் சொன்னதை அவன் இரண்டு வரியில் சொல்லிவிட்டான். நான் புத்தகத்தைத் திரும்ப அவன் கையில் கொடுத்து, பின்னட்டை உட்பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். 1990ஆம் ஆண்டுத் திகதிக்குக் கீழே, பின்வந்த வருடங்களில் நான் பென்சிலால் எழுதி வந்த சிறு குறிப்புகள் இருந்தன: எழுதவில்லை; போதவில்லை; நாலு புள்ளி; தொண்டர்; நன்னூல் முடிந்தது; தொண்டர்; தொண்டர்; தொல்காப்பியம் எழுத்ததிகாரம்; நியமனம். நேரமெடுத்து வாசித்தான்.

"இத நான் வெச்சிக்கட்டா?" என்றான்.

"வெச்சிக்க மகன். கீழ இடம் இரிக்கி, நீயும் எழுது. உம்மாட பேரையும் எழுது. நான் எழுதாம உட்டுட்டன்" என்றேன்.

அப்துற் றஹீமின் நூல்கள் இன்னும் வாசிக்கப்பட வேண்டும் என்றே நான் விரும்புகிறேன். ஓரங்களில் நமது திகதிகளையும், நம்மைப் பிடித்து நிறுத்தியவர்களின் பெயர்களையும் குறித்துக்கொண்டு அவற்றை வாசிக்க வேண்டும். அந்தக் குறிப்புகளிலிருந்து ஒரு கதையோ நாவலோ எழுதக்கூடிய இளம் எழுத்தாளர் ஒருவர் எழுவான்கரையிலோ படுவான்கரையிலோ இருப்பாரானால், அவருடைய கையெழுத்துப் பிரதியை முதலில் வாசிக்க நான் ஆவலாக இருக்கிறேன்.